குட்டி நாயின் கல்லீரல் ஷன்ட்: அல்ட்ராசவுண்டில் எதைத் தேடுகிறார்கள், எப்படித் தேடுகிறார்கள்

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்று மட்டும் வளர்த்தியில்லாமல் நிற்கிறது. சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் மந்தமாகிவிடுகிறது, சுவரில் தலையை முட்டுக்கொடுத்து நிற்கிறது, காரணமில்லாமல் வட்டம் சுற்றுகிறது, சில நேரம் கண் தெரியாததுபோல் தடுமாறுகிறது. இன்னொரு குட்டிக்கு இதெல்லாம் எதுவும் இல்லை. சிறுநீர் கழிக்க முக்குகிறது, அதில் ரத்தம் தெரிகிறது, அவ்வளவுதான். மூன்றாவது ஒன்று எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்து, கருத்தடை அறுவைக்குக் கொடுத்த மயக்க மருந்திலிருந்து எழ வெகுநேரம் எடுத்துக்கொள்கிறது. இந்த மூன்று குட்டிகளையும் பார்க்கும் கால்நடை மருத்துவர் மனதில் ஒரே சந்தேகம் எழலாம்: கல்லீரல் ஷன்ட், அதாவது ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் தப்பிப் போகும் குறுக்குவழி நாளம்.

அடுத்து ரத்தப் பரிசோதனை, பிறகு வயிற்று ஸ்கேன். ஸ்கேன் அறிக்கையில் ‘ஷன்ட் தென்படவில்லை’ என்று ஒரு வரி வந்தால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த வரியை நான் அப்படியே ஏற்பதில்லை. தென்படவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. இரண்டில் எது என்று சொல்வதற்கு அல்ட்ராசவுண்டிலேயே வழி இருக்கிறது. அது புரிய வேண்டுமானால் ரத்தம் போகும் பாதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

குடல், இரைப்பை, கணையம், மண்ணீரல் இவற்றிலிருந்து திரும்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற ஒரு பெரிய நாளத்தில் சேர்ந்து கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரலுக்கு வரும் மொத்த ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதன் வழியாகத்தான் வருகிறது. குடலில் உண்டாகும் அம்மோனியா போன்ற நச்சுகளைக் கல்லீரல் அங்கேயே பிடித்து மாற்றிவிடுகிறது. சுத்தமான ரத்தம் கல்லீரல் சிரைகள் வழியாக வெளியேறி, உடலின் பின்பகுதியிலிருந்து இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரையில் சேர்கிறது.

தாயின் வயிற்றில் இருக்கும்போது குட்டிக்கு இந்த வேலை தேவையில்லை, தாயின் உடல் அதைப் பார்த்துக்கொள்கிறது. அதனால் நஞ்சுக்கொடி வழியாக வரும் ரத்தம் கல்லீரலைச் சுற்றிப் போக ஒரு குறுக்கு நாளம் இருக்கும். பிறந்த சில நாட்களில் அது மூடிக்கொள்ளும். சில குட்டிகளில் மூடாமலே போய்விடுகிறது. வேறு சில குட்டிகளில் நாளங்கள் உருவாகும்போதே போர்ட்டல் சிரைக்கும் உடலின் பொதுச் சிரைகளுக்கும் நடுவே இருக்கக்கூடாத ஓர் இணைப்பு உருவாகிவிடுகிறது. பிறவி ஷன்ட் என்பது இதுதான். பெரும்பாலும் ஒரே ஒரு நாளமாகத்தான் இருக்கும்.

அந்த நாளம் கல்லீரலுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது ஸ்கேன் செய்பவருக்கு முக்கியம். யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், ஷி ட்சூ, பக், மினியேச்சர் ஷ்னாஸர் போன்ற சிறிய இனங்களில் பெரும்பாலும் வெளியே இருக்கும். ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய இனங்களில் உள்ளே இருப்பதே அதிகம். விதிவிலக்கு உண்டு. ஆனாலும் மேஜையில் கிடக்கும் குட்டியின் இனத்தைப் பார்த்தே எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று பாதி முடிவாகிவிடும்.

ஸ்கேனுக்கு முன்னால்

ரத்தப் பரிசோதனையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். யூரியா குறைவு, ஆல்புமின் குறைவு, கொலஸ்ட்ரால் குறைவு, ரத்தச் சிவப்பணுக்கள் அளவில் சிறியவை. இவை சேர்ந்து வந்தால் சந்தேகம் வலுக்கும். இதில் தனி எடை உள்ளது பித்த அமிலப் பரிசோதனை. வெறும் வயிற்றில் ஒன்று, உணவு கொடுத்து 2 மணி நேரம் கழித்து ஒன்று என்று இரண்டு மாதிரி எடுப்பார்கள். ஷன்ட் உள்ள குட்டிகளில் இரண்டாவது அளவு பெரும்பாலும் வெகுவாக ஏறியிருக்கும். அம்மோனியாவும் பார்க்கலாம். ஆனால் அந்த மாதிரி பனிக்கட்டியில் வைக்கப்பட்டு உடனே ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், தாமதித்தால் அளவு தானாகவே ஏறிவிடும்.

இந்த எண்கள் கல்லீரலின் வேலையில் குறை இருப்பதைச் சொல்லும், ஷன்ட் எங்கே என்று சொல்லாது. ஷன்ட் இல்லாத சில மால்டீஸ் நாய்களிலும் பித்த அமிலம் உயர்ந்திருப்பது தெரிந்த விஷயம். ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் குட்டிகளில் சில வார வயதில் அம்மோனியா தற்காலிகமாக ஏறி, பிறகு தானே இறங்குவதும் உண்டு. எனவே எண்ணைப் பார்த்துச் சந்தேகப்படலாமே தவிர, முடிவுக்கு வர நாளத்தைப் பார்த்தாக வேண்டும்.

ஸ்கேன் அன்று குட்டி வெறும் வயிற்றோடு வந்தால் நல்லது. வயிற்றில் உணவும் குடலில் காற்றும் இருந்தால் அல்ட்ராசவுண்ட் அலை உள்ளே போகாது. பெரிய நாய்க்கு 12 மணி நேரப் பட்டினி சாதாரணம். கைக்குள் அடங்கும் குட்டிக்கு, அதுவும் கல்லீரல் சந்தேகம் உள்ள குட்டிக்கு, அவ்வளவு நேரம் வயிறு காய்ந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும், பொது விதியை நம்பிப் பட்டினி போடக்கூடாது. குட்டி நெளிந்து மூச்சிரைத்தால் நாளத்தைப் பின்தொடரவே முடியாது என்பதால் லேசான மயக்கம் கொடுப்பது உண்டு. அந்த மருந்துகளைக் கரைத்து வெளியேற்ற வேண்டியதும் இதே கல்லீரல்தான், ஆகவே மருந்தையும் அளவையும் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

முடியை மழிப்பார்கள். வயிற்றின் அடிப்பக்கம் மட்டும் போதாது, வலப்பக்க விலாவின் கடைசி எலும்புகள் வரை மழிக்க வேண்டும். ஷன்ட் உள்ள குட்டியின் கல்லீரல் சிறியது, விலாக்கூட்டுக்குள் ஒளிந்திருக்கும். முன்னால் இரைப்பைக் காற்று மறைக்கும். வலப்பக்க விலா எலும்புகளின் இடைவெளிதான் அதற்கு நல்ல ஜன்னல். விலா மழிக்கப்படாமல் திரும்பி வந்த குட்டியின் ஸ்கேனில் ‘ஷன்ட் தென்படவில்லை’ என்று எழுதியிருந்தால் எனக்கு அந்த வரியில் பெரிய நம்பிக்கை இருக்காது.

மூன்று மறைமுகத் தடயங்கள்

நாளத்தைத் தேடுவதற்கு முன்பே மூன்று விஷயங்கள் கண்ணில் படும். கல்லீரல் சிறிதாக இருக்கும். குடலிலிருந்தும் கணையத்திலிருந்தும் வரும் ரத்தம்தான் கல்லீரலை வளர்க்கிறது, அது வேறு வழியில் போய்விட்டால் கல்லீரல் வளராது. சிறுநீரகங்கள் குட்டியின் அளவுக்குப் பெரிதாக இருக்கும். சிறுநீர்ப்பையில் கற்களோ மண்போன்ற படிவோ இருக்கும்.

கற்கள் விஷயம் சுவாரசியமானது. நாய்களில் யூரிக் அமிலத்தைக் கல்லீரல் எளிதில் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். ரத்தம் கல்லீரலைத் தவிர்த்துப் போகும்போது யூரிக் அமிலமும் மிஞ்சுகிறது, அம்மோனியாவும் மிஞ்சுகிறது. இரண்டும் சிறுநீரில் சேர்ந்து அம்மோனியம் யூரேட் படிகமாகி, பிறகு கல்லாகிறது. இந்தக் கற்கள் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்டில் வெள்ளையாக மின்னி, பின்னால் கறுப்பு நிழல் விழ, பளிச்சென்று தெரியும். டால்மேஷியன், இங்கிலிஷ் புல்டாக் போன்ற இனங்களில் பரம்பரைக் காரணத்தால் ஷன்ட் இல்லாமலே யூரேட் கல் வரும். மற்ற இனத்துக் குட்டியின் சிறுநீர்ப்பையில் யூரேட் கல் என்றால் கல்லீரல் பக்கம் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

சிறிய கல்லீரல், பெரிய சிறுநீரகம், சிறுநீர்க்கல் மூன்றும் ஒரே குட்டியில் சேர்ந்து இருந்தால், நாளத்தைக் காணும் முன்பே பிறவி ஷன்ட் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆனால் மூன்றும் சேர்ந்து வருவது எல்லாக் குட்டிகளிலும் நடக்காது. இரண்டு இல்லை, ஒன்றுகூட இல்லை என்பதற்காக யாரும் ஸ்கேனை முடித்துக்கொள்வதில்லை.

நாளத்தைப் பின்தொடர்வது

வயிற்றுக்குள் எண்ணற்ற நாளங்கள் இருக்கின்றன. எங்கோ இருக்கும் ஒன்றைக் கண்மூடித்தனமாகத் தேடினால் கிடைக்காது. ஷன்ட் எங்கே தொடங்கினாலும், அது போய்ச் சேரக்கூடிய இடங்கள் சிலவே. பெரும்பாலானவை பெருஞ்சிரையில் சேரும். அதனால் அனுபவமுள்ளவர்கள் முடிவிடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

வலது சிறுநீரகத்தின் அருகே பெருஞ்சிரையைக் குறுக்குவெட்டாகப் பிடித்து, அங்கிருந்து கல்லீரலை நோக்கி மெல்ல நகர்வார்கள். சிறுநீரகச் சிரை சேரும் இடத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே உள்ள துண்டில், ஆரோக்கியமான நாயில், பெருஞ்சிரைக்குள் குறிப்பிட்டுச் சொல்லும்படியான நாளம் எதுவும் நுழைவதில்லை. உதரவிதானத்தின் பக்கமிருந்து வரும் மெல்லிய சிரைகள் மட்டும் உண்டு. அந்தத் துண்டில் தடிமனான ஒரு நாளம் வந்து பக்கவாட்டில் திறந்தால், சந்தேகத்துக்கு இடமே இல்லை. அந்த வாயில் ரத்தம் வேகமாகப் பாய்ந்து பெருஞ்சிரை ரத்தத்தோடு மோதும். ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் வண்ணத்தை இயக்கினால் பெருஞ்சிரையின் அமைதியான ஒரே நிறம் அந்த இடத்தில் மட்டும் கலைந்து, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் சிதறும். நாளத்தின் வளைவு தெளிவாகத் தெரியாத குட்டியில்கூட, இந்த வண்ணச் சிதறல்தான் பல நேரம் முதல் துப்பு.

டாப்ளர் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சிவப்பு தமனி, நீலம் சிரை என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான அமைப்பில் சிவப்பு என்றால் ரத்தம் புரோபை (உடலில் வைத்துப் பிடிக்கும் ஸ்கேன் கருவியை) நோக்கி வருகிறது, நீலம் என்றால் விலகிப் போகிறது. புரோபைச் சாய்த்தால் அதே நாளம் நிறம் மாறும். ஓட்டத்துக்கு நேர் செங்குத்தாகப் பிடித்தால் நிறமே தெரியாது, ரத்தம் ஓடவில்லை என்று ஏமாந்துவிடலாம். வண்ணத்தின் கெயினை, அதாவது சமிக்ஞையைப் பெருக்கும் அளவை, அதிகம் வைத்தால் நிறம் நாளத்தின் சுவரைத் தாண்டி வழிந்து, பக்கத்தில் சும்மா போகும் நாளத்தோடு இணைந்திருப்பதுபோல் காட்டும். இல்லாத ஷன்ட்டை உண்டாக்கும் வழி இது. அதனால்தான் நல்ல ஸ்கேன் செய்பவர் முதலில் கறுப்பு வெள்ளையில் நாளத்தைப் பார்த்துவிட்டு, அதன்பிறகே வண்ணத்தைத் தொடுவார்.

முடிவிடத்தில் சந்தேக நாளம் கிடைத்ததும் அதைப் பின்னோக்கித் தொடர்ந்து எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பார்கள். மண்ணீரல் சிரையிலிருந்து வளைந்து வருவது ஒரு வகை, இரைப்பைச் சிரையிலிருந்து வருவது இன்னொன்று. சில ஷன்ட்கள் பெருஞ்சிரைக்கே வராமல் முதுகெலும்பை ஒட்டி ஓடி, உதரவிதானத்தைக் கடந்து, நெஞ்சுக்குள் இருக்கும் அசைகஸ் சிரையில் போய்ச் சேரும். இன்னும் சில உதரவிதானத்தை ஒட்டியே ஊர்ந்து போகும். இந்த இரண்டும்தான் அல்ட்ராசவுண்டுக்கு அதிகம் தப்புகின்றன. மேலே இரைப்பைக் காற்று, பின்னால் நுரையீரல், நடுவில் ஒரு மெல்லிய நாளம் என்றால் எப்படித் தெரியும்? இப்படிப்பட்ட ஷன்ட் உள்ள நாய்களுக்கு அறிகுறியும் லேசாகவே இருந்து, வயது கொஞ்சம் ஏறிய பிறகே வெளியே தெரிவதும் உண்டு.

கல்லீரலுக்கு உள்ளே இருக்கும் ஷன்ட்டைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது. நாளம் தடிமனானது, சுற்றிலும் கல்லீரல் திசு இருப்பதால் காற்றின் தொல்லை குறைவு. போர்ட்டல் சிரை கல்லீரலுக்குள் நுழைந்ததும் இடதும் வலதுமாகப் பிரிய வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு தடித்த நாளமாக வளைந்துபோய்ப் பெருஞ்சிரையிலோ கல்லீரல் சிரையிலோ திறப்பது தெரியும். கருவில் இருந்த அந்தக் குறுக்கு நாளம் மூடாமல் போனதென்றால், வளைவு இடப்பக்கம் இருக்கும்.

நாளம் கிடைக்காதபோது

இனி முதலில் சொன்ன கேள்விக்கு வரலாம். முழுக்கத் தேடியும் நாளம் கிடைக்கவில்லை. அது இல்லையா, கண்ணில் படவில்லையா?

வாய்க்காலின் மேற்பகுதியில் கரை உடைந்து தண்ணீர் வேறு பக்கம் போனால், உடைப்பு எங்கே என்று நேரில் பார்க்காமலே கடைமடைக்காரர் சொல்லிவிடுவார், அவர் வயலுக்கு வரும் தண்ணீர் சுண்டிப்போயிருக்கும். கல்லீரலுக்கு வெளியே ஷன்ட் இருந்தால் போர்ட்டல் சிரைக்கும் அதே கதிதான். ஷன்ட் பிரியும் இடத்தைத் தாண்டி, கல்லீரல் வாசலில், போர்ட்டல் சிரை மெலிந்திருக்கும். நாளத்தை நீங்கள் காணாவிட்டாலும் அந்த மெலிவை அளக்கலாம்.

அளக்கும் இடம் கல்லீரல் வாசல். வலப்பக்க விலா இடைவெளியில் புரோபைக் குறுக்காக வைத்தால், ஒரே படத்தில் மூன்று வட்டங்கள் தெரியும்: பெருந்தமனி, பெருஞ்சிரை, போர்ட்டல் சிரை. போர்ட்டல் சிரையின் விட்டத்தைப் பெருந்தமனியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். வெறும் மில்லிமீட்டர் போதாது, ஏனென்றால் குட்டியின் உடல் அளவுக்கேற்ப எல்லாமே மாறும். பெருந்தமனியை ஒப்பிட்டால் குட்டி தன்னையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது.

விகிதம் 0.8 அல்லது அதற்கு மேல் இருந்தால் கல்லீரலுக்கு வெளியே ஷன்ட் இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. 0.65 அல்லது அதற்குக் கீழே இருந்தால், நாளம் கிடைக்காவிட்டாலும் சந்தேகம் வலுவானது. ஒன்று வெளி ஷன்ட் எங்கோ ஒளிந்திருக்கிறது, அல்லது போர்ட்டல் சிரையே பிறவியில் சரியாக வளரவில்லை. உதாரணத்துக்கு ஒரு சின்னக் குட்டியின் பெருந்தமனி 5.0 மி.மீ., போர்ட்டல் சிரை 2.6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.52. தேடலைத் தொடர வேண்டும், வேறு பரிசோதனைக்கும் போக வேண்டும். அதே குட்டியில் 4.5 மி.மீ. இருந்தால் 0.9, வெளி ஷன்ட் பற்றிய கவலையை ஒதுக்கி வைக்கலாம். 3.4 மி.மீ. என்றால்? 0.68, இரண்டு எல்லைகளுக்கும் நடுவில். அளக்கும் கோடு அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தால் அது 0.78 ஆகிவிடும். சின்னக் குட்டியில் அரை மில்லிமீட்டர் என்பது சாதாரணப் பிழை. ஒரு தடவை அளந்த எண்ணை நம்பாமல் பலமுறை அளந்து பார்ப்பது இதனால்தான். புரோபை அழுத்திப் பிடித்தாலும் கெட்டது, சிரையின் சுவர் மெல்லியது என்பதால் தட்டையாகிவிடும். தமனி அசையாது. விகிதம் பொய்யாகக் குறையும்.

இந்த விகிதத்துக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. உள் ஷன்ட்டில் ரத்தம் கல்லீரல் வாசல் வரை முழுதாக வந்துதான் வழி மாறுகிறது. எனவே அங்கே போர்ட்டல் சிரை மெலியாது, விகிதம் நன்றாகவே இருக்கும். உள் ஷன்ட்டை விலக்க, கல்லீரலுக்குள் இடது வலது கிளைகளைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். அங்கே ஓட்டத்தின் வேகமும் உதவும். போர்ட்டல் சிரையில் ரத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 10 முதல் 25 செ.மீ. வேகத்தில், ஏற்ற இறக்கமில்லாமல் நிதானமாக ஓடும். ஷன்ட் இருந்தால் இதயத்தின் பக்கத்து அழுத்த மாற்றங்கள் நேராக எட்டுவதால், வேகம் கூடியோ அலையலையாகவோ இருக்கலாம், உள் ஷன்ட்டில் இது குறிப்பாகத் தெரியும்.

ஆகவே அறிக்கையில் நான் தேடிப் படிக்கும் வரிகள் இவை: போர்ட்டல் சிரை கல்லீரல் வாசலில் தெரிந்ததா, விகிதம் எவ்வளவு, கிளைகள் தெரிந்தனவா, பெருஞ்சிரை முழு நீளமும் பார்க்கப்பட்டதா. இவை இருந்து, ‘ஷன்ட் இல்லை’ என்று எழுதியிருந்தால் அதற்கு மதிப்புண்டு. இவை எதுவும் இல்லாமல் ஒற்றை வரி மட்டும் இருந்தால், மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. அல்ட்ராசவுண்டின் துல்லியம் கருவியைவிடக் கையைப் பொறுத்தது என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். வெளி ஷன்ட்டைக் கண்டுபிடிப்பதில் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் வருவதற்கும் அதுவே பெரிய காரணம்.

வேறு முகம் காட்டும் நோய்கள்

வயிற்றில் நீர் கோத்திருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒற்றைப் பிறவி ஷன்ட் உள்ள குட்டிக்கு வயிற்றில் நீர் கோப்பது அரிது, போர்ட்டல் அழுத்தத்துக்கு ஏற்கெனவே வடிகால் இருக்கிறது. நீரும் இருந்து, இடது சிறுநீரகத்தருகே நெளிநெளியான சிறு நாளங்கள் கூட்டமாகத் தெரிந்தால், அவை பிறகு முளைத்த ஷன்ட்கள். கல்லீரலுக்குள் அழுத்தம் ஏறியதால் உடல் தானே திறந்துகொண்ட வழிகள் அவை, அவற்றை அறுவையில் கட்டக்கூடாது. குட்டிகளில் இதற்குக் காரணம் போர்ட்டல் சிரையின் வளர்ச்சிக் குறையாகவோ, கல்லீரலுக்குள் தமனியும் போர்ட்டல் சிரையும் நேரடியாக இணைந்துவிட்ட கோளாறாகவோ இருக்கலாம். இரண்டாவதில் போர்ட்டல் ரத்தம் கல்லீரலை விட்டு எதிர்த்திசையில் தள்ளப்படுவது டாப்ளரில் பளிச்சென்று தெரியும்.

இன்னொரு முகமும் உண்டு. பித்த அமிலம் உயர்ந்திருக்கிறது, ஆனால் ஸ்கேனில் விகிதம் நன்றாக இருக்கிறது, கிளைகள் தெரிகின்றன, கல் இல்லை. யார்க்‌ஷயர், மால்டீஸ், கெய்ர்ன் டெரியர் இனங்களில் இது அடிக்கடி வரும். கல்லீரலுக்குள் உள்ள மிக நுண்ணிய போர்ட்டல் கிளைகள் சரியாக வளரவில்லை, அவை எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவுக்குச் சிறியவை. இங்கே ரத்தத்தில் புரோட்டீன் சி என்ற பொருளை அளப்பது கைகொடுக்கும். அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஷன்ட் பக்கம் சாயும், மேலே இருந்தால் நுண்கிளைக் குறை பக்கம் சாயும். அறிகுறி இல்லாத இந்த நாய்களில் பல ஆண்டுக்கணக்கில் நன்றாகவே வாழ்கின்றன.

அல்ட்ராசவுண்டில் முடிவு கிடைக்காதபோதும், அறுவைக்கு வழி வகுக்க நாளத்தின் முழு வரைபடம் தேவைப்படும்போதும், நாளத்தில் சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஆஞ்சியோதான் அடுத்த படி. சில இடங்களில் மண்ணீரலுக்குள் ஊசி வழியாக நுண்குமிழிகள் கலந்த உப்புநீரைச் செலுத்தி, குமிழிகள் கல்லீரலுக்குள் போகின்றனவா, நேராக இதயத்தின் வலப்பக்கத்தில் தோன்றுகின்றனவா என்று அல்ட்ராசவுண்டிலேயே பார்க்கிறார்கள். ஆரோக்கியமான நாயில் அவை கல்லீரலிலேயே வடிகட்டப்பட்டு நின்றுவிடும்.

ஷன்ட் உறுதியானாலும் உடனே அறுவை என்று ஓட வேண்டியதில்லை. முதலில் அம்மோனியாவைக் குறைக்கும் லாக்டுலோஸ் மருந்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக், அளவான நல்ல புரதமுள்ள உணவு என்று குட்டியைச் சில வாரம் தேற்றுவார்கள். பிறகு வெளி ஷன்ட்டைச் சுற்றி, உடல் நீரை உறிஞ்சி உப்பும் ஒரு வளையத்தையோ செலஃபேன் பட்டையையோ போடுவார்கள். ஒரேயடியாகக் கட்டினால், அதுவரை குறைந்த ரத்தத்துக்கே பழகிய கல்லீரலில் அழுத்தம் திடீரென ஏறும். மெல்ல மூடினால் கல்லீரலுக்குள் கிளைகள் விரிய நேரம் கிடைக்கும். உள் ஷன்ட்டுக்குக் கழுத்துச் சிரை வழியாகக் குழாய் செலுத்திச் சுருள்கம்பிகளை வைக்கும் முறை இருக்கிறது.

சில வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி ஸ்கேனுக்கு வரச் சொல்வார்கள். அப்போது வளையத்துக்குள் இன்னும் ஓட்டம் இருக்கிறதா, போர்ட்டல் சிரை தடித்திருக்கிறதா, இடது சிறுநீரகத்தருகே புதிய நெளி நாளங்கள் ஏதும் தலைகாட்டுகின்றனவா என்று பார்ப்பார்கள். பித்த அமிலம் ஓரளவு உயர்ந்தே இருந்தாலும், குட்டி எடை ஏறி, சாப்பிட்டபின் தெளிவாக இருந்தால் அதை வைத்து மட்டும் அறுவை தோற்றது என்று யாரும் சொல்வதில்லை.